சக்கரத்தின் மேல் ஒரு சரக்கறை: எருது வண்டியிலிருந்து கேம்பர் வேன் வரை

இந்த எபிசோட் ஒரு நேயர் அனுப்பின கேள்வியிலிருந்து ஆரம்பிச்சது. கேள்வி ரொம்ப எளிமையானது: "கேம்பர் வேன் எடுத்துக்கிட்டு பத்து நாள் குடும்பத்தோட சுத்தப் போறோம். அரிசி, மாவு, எண்ணெய், பால், காய்கறி எல்லாத்தையும் எப்படி அடுக்கறது?"

இதுக்கு யூடியூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு. மூடி போட்ட டப்பா, சீட்டுக்கு அடியில டிராயர், பின்கதவைத் திறந்தா மடக்கு மேசை. நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிற ஆள். ஒரு டிசைன் நல்லா இருந்தா, இதோட முதல் வெர்ஷனை யார் எழுதினாங்கன்னு தோண்டாம இருக்க முடியாது. அந்த மடக்கு மேசையைத் தோண்டிக்கிட்டே போனா, 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் போய் நிக்கறோம். அங்கே கிடைக்கிற பதில் டப்பா பற்றியது மட்டும் இல்லை.

110 நாளுக்கு எவ்வளவு மாவு?

1840-கள். மிசௌரி ஆற்றங்கரை ஊர்களிலிருந்து மேற்கே ஓரிகன், கலிஃபோர்னியா நோக்கிக் குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். நான்கிலிருந்து ஆறு மாதப் பயணம். வண்டியின் பெட்டி சுமார் 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். மேலே வளைவுச் சட்டம், அதன் மேல் எண்ணெய் பூசிய கித்தான். எருதுகள் தாங்குகிற சுமை 900 முதல் 1,100 கிலோ வரைதான். அதனால் உடம்பில் தெம்பு இருந்த எல்லோரும் வண்டிக்குப் பக்கத்தில் நடந்தே போனார்கள். வண்டி ஆளுக்கு இல்லை, சாப்பாட்டுக்கு.

எவ்வளவு சாப்பாடு? இதுக்கு ஒரு அருமையான ஆவணம் இருக்கு. ராண்டால்ஃப் மார்சி என்ற அமெரிக்க ராணுவ கேப்டன் 1859-ல் 'தி ப்ரெய்ரி டிராவலர்' என்று ஒரு வழிகாட்டி நூல் போட்டார். பெரியவர் ஒருவருக்கு 110 நாளுக்கு அவர் போட்ட கணக்கு: மாவு 150 பவுண்டு, பேக்கன் 25 பவுண்டு, காபி 15 பவுண்டு, சர்க்கரை 25 பவுண்டு. கூடவே சமையல் சோடா, உப்பு, மிளகு. மீதி இறைச்சிக்கு மாடுகளை உயிரோடு கூட்டிக்கிட்டுப் போகச் சொல்கிறார்.

கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு மாவு சுமார் 620 கிராம், பேக்கன் 100 கிராம், சர்க்கரை 100 கிராம், காபி 60 கிராம். மொத்தம் ஆளுக்கு 97 கிலோ. நாலு பெரியவர்கள் இருந்தால் 390 கிலோ. வண்டியின் சுமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதுக்கே சரி. மிச்சத்தில்தான் கலப்பை, கருவிகள், படுக்கை, குழந்தைகள் எல்லாம்.

அளவு ஒரு பக்கம். பொட்டலம் கட்டுவது இன்னொரு பக்கம், மார்சி அதில்தான் எனக்குப் பிடித்துப்போனார். வண்டியில் சாப்பாட்டுக்கு நாலு எதிரிகள்: எடை, ஈரம், வெயில், குலுக்கல். ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருக்கிறார். மாவை இரட்டைக் கித்தான் பையில் நூறு நூறு பவுண்டாகத் தைத்துவிடு. பேக்கனை வெயிலில் கொண்டுபோனால் கொழுப்பு உருகி ஓடிவிடும். அதனால் பெட்டியில் வைத்துச் சுற்றிலும் தவிடு போடு. சர்க்கரையை ரப்பர் பையில் கட்டு. வெண்ணெயை என்ன செய்வது? கொதிக்க வைத்து, மேலே வரும் நுரையை எடுத்து எடுத்து, எண்ணெய் மாதிரித் தெளிந்ததும் தகர டப்பாவில் ஊற்றி, மூடியைப் பற்றவைத்து அடைத்துவிடு என்கிறார். நம்ம வீட்டில் இதுக்குப் பேர் நெய். தண்ணீரையும் பால் கசடையும் எடுத்துட்டா கெடுவதற்கு ஆதாரமே இல்லைங்கற அதே அறிவு.

இன்னொன்றும் இருக்கு. மெக்சிகர்களும் பூர்வகுடிகளும் பயணத்துக்குக் கொண்டுபோகும் ஒரு மாவு. சோளத்தை வறுத்து, இடித்து, சர்க்கரையும் பட்டையும் சேர்ப்பது. தண்ணீரில் கரைத்துக் குடித்தால் போதும், அடுப்பு வேண்டாம். சத்துமாவு குடிச்சு வளர்ந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

குலுக்கலுக்கு மட்டும் யாரும் பெரிசா மருந்து கண்டுபிடிக்கலை. அதையே வேலைக்கு வச்சுக்கிட்டாங்க. காலையில் பாலாடையை ஒரு வாளியில் ஊற்றி வண்டியில் தொங்கவிட்டால், சாயங்காலம் கூடாரம் போடுறப்ப வெண்ணெய் திரண்டிருக்கும்.

கணக்கு உடைந்த இடம்

மார்சியின் பட்டியலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது மாவோ பேக்கனோ இல்லை. '110 நாள்' என்ற எண். வண்டியில் நீங்க அடுக்குவது உண்மையில் நாட்களைத்தான். ஒரு மூட்டை மாவு என்பது இத்தனை நாள். நாள் கூடினால், எவ்வளவு அழகாக அடுக்கியிருந்தாலும் பயனில்லை.

இதுக்கு வரலாற்றில் ஒரு கொடூரமான உதாரணம் உண்டு. மார்சி நூல் வருவதற்கு 13 வருடம் முன்னால், 1846-ல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கிளம்பிய டானர், ரீட் குடும்பங்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும். மொத்தம் 87 பேர். இவர்கள் ஏழைகளும் இல்லை, அசட்டையாகக் கிளம்பியவர்களும் இல்லை. ஜேம்ஸ் ரீட் செய்துவைத்த வண்டியைப் பற்றி அவருடைய மகள் வர்ஜீனியா பின்னாளில் எழுதியிருக்கிறார்: பக்கவாட்டில் வாசல், ஸ்பிரிங் வைத்த இருக்கை, புகைபோக்கியோடு சின்ன இரும்பு அடுப்பு, மேல்தளத்தில் படுக்கை. இதை 1846-ன் கேம்பர் வேன் என்றே சொல்லலாம்.

ஆனால் ஒரு குறுக்கு வழியை நம்பினார்கள். லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் என்பவர் விளம்பரப்படுத்திய வழி. வாசாட்ச் மலையில் மரம் வெட்டிப் பாதை போட்டுக்கொண்டே போக வேண்டியிருந்தது. அடுத்து கிரேட் சால்ட் லேக் பாலைவனம். 40 மைல் என்று நினைத்தது, நடந்தபோது ஏறக்குறைய 80 மைல். தண்ணீர் இல்லாமல் எருதுகள் செத்தன, ஓடிப்போயின. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. ரீட்டின் பெரிய வண்டியும் கலிஃபோர்னியா போய்ச் சேரவில்லை. பாலைவனம் தாண்டியதும் இருக்கிற சாப்பாட்டைக் கணக்கெடுத்தார்கள். போதாது.

அதனால் இரண்டு பேரைக் குதிரையில் முன்னால் அனுப்பினார்கள். அவர்களில் ஒருவரான சார்லஸ் ஸ்டான்டன் கலிஃபோர்னியாவின் சட்டர் கோட்டைக்குப் போய், ஏழு கோவேறு கழுதைகளில் சாப்பாடு ஏற்றிக்கொண்டு, மலை தாண்டித் திரும்பி வந்தார். அவருக்கு அங்கே சொந்தக் குடும்பம் யாரும் இல்லை. திரும்பி வரணும்னு கட்டாயமும் இல்லை. அவரோடு வந்தவர்கள் லூயிஸ், சால்வடோர் என்ற இரண்டு மிவோக் பூர்வகுடி இளைஞர்கள்.

அக்டோபர் கடைசியில் சியரா நெவாடா மலையில் பனி விழுந்து வழி அடைபட்டது. டிசம்பரில் ஒரு சிறு குழு பனியில் நடந்து வெளியேறப் பார்த்தது. ஸ்டான்டன் பனியிலேயே இறந்தார். செத்தவர்களின் உடலைத் தின்று மற்றவர்கள் உயிர் பிழைத்தார்கள். லூயிஸும் சால்வடோரும் தின்ன மறுத்தார்கள். 1847 ஜனவரியில் அந்த இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டு உணவாக்கப்பட்டார்கள். சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர்கள். 87 பேரில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள்தான் பிழைத்தார்கள்.

டானர் கதை என்றாலே 'நரமாமிசம்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உறுத்துவது இந்த இரண்டு பெயர்கள். வண்டியில் இருப்பு தீர்ந்தபோது, யாருடைய உயிரை முதலில் இருப்பாகக் கணக்கிட்டார்கள் என்பது.

பின்பக்கப் பெட்டி

இருபது வருடம் தள்ளி வருவோம். 1866, டெக்சஸ். உள்நாட்டுப் போர் முடிந்துவிட்டது. டெக்சஸில் மாடுகள் பெருகிக் கிடக்கின்றன. சார்லஸ் குட்நைட், ஆலிவர் லவ்விங் என்ற இருவர் மாட்டு மந்தையை நியூ மெக்சிகோவின் சம்னர் கோட்டைக்கு ஓட்டிக்கொண்டு போகத் திட்டமிடுகிறார்கள். ஆட்களுக்கு வாரக்கணக்கில் சாப்பாடு போட வேண்டும்.

குட்நைட் ராணுவம் கழித்துவிட்ட ஒரு வண்டியை வாங்கி, கெட்டியான ஓசேஜ் ஆரஞ்சு மரத்தால் மாற்றிக் கட்டினார். அச்சு இரும்பில். வண்டியின் பின்பக்கம் ஒரு அலமாரிப் பெட்டி. உள்ளே சின்னச் சின்ன அறைகளும் டிராயர்களும்: மாவு, சர்க்கரை, பீன்ஸ், உலர்ந்த பழம், காபி, தட்டு, மருந்து, ஊசி நூல். பெட்டியின் மூடிக்கு அடிப்பக்கம் கீல். கீழே இறக்கினால் ஒரு கால் முட்டுக்கொடுத்து அதுவே மேசை. பக்கவாட்டில் தண்ணீர்ப் பீப்பாயும் காபி அரைக்கும் கருவியும். வண்டிக்கு அடியில் மாட்டுத்தோலைத் தூளி மாதிரிக் கட்டி, அதில் விறகும் காய்ந்த சாணமும். பேச்சு வழக்கில் சாப்பாட்டுக்கு 'சக்' என்று ஒரு பெயர் இருந்ததால், இதுக்கு 'சக் வேகன்' என்று பெயர் நின்றுவிட்டது.

முந்தைய வண்டிகளுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அங்கே சாப்பாடு சரக்கு. மூட்டை மேல் மூட்டை. இங்கே எது அடிக்கடி தேவையோ அது கைக்கு எட்டுற இடத்தில், பின்பெட்டியில். மொத்த மூட்டை வண்டியின் நடுவில், தாழ்வாக. கம்ப்யூட்டரில் கேஷ் மெமரி, ஹார்ட் டிஸ்க்னு பிரிக்கறோமே, அதே புத்தி. இன்னைக்கு ஒரு வேனின் பின்கதவைத் திறந்து மடக்கு மேசையை இறக்கினால், குட்நைட்டின் டிசைன்தான் உங்க முன்னாடி இருக்கு.

இந்தப் பெட்டிக்கு ஒரு நிர்வாகியும் இருந்தார்: சமையற்காரர். மாடு மேய்ப்பவர்களை விட அவருக்குச் சம்பளம் கூடுதல். பலர் கறுப்பினத்தவர், மெக்சிகர். குதிரையில் வருகிறவன் காற்று அடிக்கிற பக்கமிருந்து வந்தால் சாப்பாட்டில் புழுதி விழும்; அதனால் எதிர்ப்பக்கமாகத்தான் வர வேண்டும், அது எழுதாத சட்டம். புளித்த மாவுப் பீப்பாய் குளிரில் செத்துவிடாமல் ராத்திரி போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்கிய சமையற்காரர்கள் உண்டு. படுக்கப் போகும் முன் வண்டியின் ஏர்க்காலைத் துருவ நட்சத்திரம் பார்த்துத் திருப்பி வைப்பார். காலையில் மேகம் மூடியிருந்தாலும் திசை தெரியணுமே.

ஒரு வேடிக்கை: ஆயிரக்கணக்கான மாடு பக்கத்தில் நடக்கும்போது, இவர்கள் பெரும்பாலும் சாப்பிட்டது பீன்ஸும் உப்புப் பன்றியும். காரணம் சேமிப்புதான். ஒரு மாட்டை அறுத்தால் இரண்டு மூன்று நூறு கிலோ இறைச்சி; வெயிலில் வைக்க வழியில்லை. உயிரோடு இருக்கும்வரைதான் அது கெடாத உணவு.

முட்டைப் பூச்சு, பால் டப்பா, அம்மோனியா

அதுக்குப் பிறகு பெட்டி பெரிசா மாறலை. உள்ளே இருக்கிற பொருள்தான் மாறிச்சு.

வறுத்த காபிக்கொட்டை சீக்கிரம் மணம் போய்விடும். அதனால் பச்சைக் கொட்டையை வாங்கி, அடுப்பில் சட்டி வைத்து வறுப்பார்கள். ஒரு கொட்டை தீய்ந்தால் எல்லாம் வீண். பிட்ஸ்பர்க்கின் ஜான் ஆர்பக்கிள் 1868-ல் ஒரு காப்புரிமை வாங்கினார். வறுத்த கொட்டைக்கு முட்டையும் சர்க்கரையும் கலந்த மெல்லிய பூச்சு. காற்று உள்ளே போகாது. அவருடைய காபிப் பொட்டலம் எல்லாச் சக் வேகனிலும் ஏறியது. உள்ளே ஒரு பெப்பர்மின்ட் குச்சி வேற போட்டுத் தந்தார்.

கெயில் போர்டன் டெக்சஸில் வாழ்ந்தவர். முதலில் இறைச்சிச் சாறையும் மாவையும் சேர்த்து 'இறைச்சி பிஸ்கட்' செய்தார். 1851 லண்டன் கண்காட்சியில் அதுக்குப் பெரிய பதக்கம் கிடைத்தது. ஆனால் வியாபாரத்தில் படுத்துவிட்டது. 1856-ல் பாலை வெற்றிடத்தில் சுண்டவைக்கும் முறைக்குக் காப்புரிமை. நம்ம ஊர்க் கடைகளில் நிற்கிற கண்டென்ஸ்டு மில்க் டப்பாவுக்கு மூதாதை அதுதான்.

1951-ல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் வைத்து எடுக்கக்கூடிய 'கேம்பிங் பாக்ஸ்' செய்தது. அலமாரியும் அடுப்பும் ஒரே தொகுப்பில். வார நாளில் சரக்கு வண்டி, விடுமுறையில் வீடு.

கடைசியாகக் குளிர்சாதனம். 1922-ல் ஸ்டாக்ஹோமில் பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு பொறியியல் மாணவர்கள், ஓடும் பாகமே இல்லாத ஃப்ரிட்ஜ் ஒன்றை உருவாக்கினார்கள். அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் குழாய்க்குள் சுற்றும். இயக்குவது வெறும் வெப்பம். ஒரு கேஸ் சுடர் போதும், குளிர் வரும். ஆனால் உள்ளே திரவம் புவியீர்ப்பால்தான் ஓடணும். அதனால்தான் இந்த வகை ஃப்ரிட்ஜ் வைத்த வேனைச் சமதளத்தில் நிறுத்தச் சொல்கிறார்கள். இன்னைக்கு 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிற கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் வந்த பிறகு அந்தத் தொல்லை குறைஞ்சுது.

வண்டிக்கு வெளியே இருந்த சரக்கறை

இதோட நிறுத்தினா இது ஒரு முன்னேற்றக் கதை. ஆனால் நாம விட்டுட்டு வந்த ஒரு விஷயம் இருக்கு. மார்சி மீதி இறைச்சிக்கு மாடுகளைக் கூட்டிப் போகச் சொன்னாரே, அந்த மாடுகள் என்ன தின்றன?

வழியோரத்துப் புல்லை. எருது, பசு, குதிரை, கோவேறு கழுதை எல்லாம் அதே ப்ளாட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மேய்ந்தன. காட்டெருமைகள் பாதையை விட்டு விலகிப் போயின. லகோட்டா, ஷையன், பானி மக்களுக்கு அந்தப் புல்லும் காட்டெருமையும்தான் சரக்கறை. வண்டியில் வந்தவர்கள் அவர்களிடம் வாங்கியும் சாப்பிட்டார்கள்: ஸ்நேக் ஆற்றங்கரையில் ஷோஷோனி மக்களிடம் சால்மன் மீன், ஓரிகன் பக்கம் கேயூஸ் மக்களிடம் உருளைக்கிழங்கு. 'தன் காலில் நின்ற' வண்டி என்று ஒன்று இருக்கவே இல்லை.

1851-ல் லாராமி கோட்டை அருகே உடன்படிக்கை ஆனது. பாதைக்கு வழிவிடுவதற்கும் ஏற்பட்ட சேதத்துக்கும் ஈடாக, வருடத்துக்கு 50,000 டாலர் மதிப்புள்ள பொருட்கள், 50 வருடத்துக்கு. வாஷிங்டனில் செனட் அந்த 50-ஐ 10 ஆக வெட்டியது.

1854 ஆகஸ்ட். அந்தப் பொருட்களை வாங்குவதற்காக ஆயிரக்கணக்கான லகோட்டா மக்கள் லாராமி கோட்டை அருகே முகாமிட்டுக் காத்திருந்தார்கள். பொருட்கள் பக்கத்துக் கிடங்கில் வந்து கிடந்தன; பிரித்துக் கொடுக்க வேண்டிய அதிகாரி வரவில்லை. பசி. அப்போது அந்த வழியே போன மார்மன் பயணிகளின் பசு ஒன்று பிரிந்து முகாமுக்குள் வந்தது. ஹை ஃபோர்ஹெட் என்பவர் அதைக் கொன்றார், முகாமில் தின்றார்கள். லகோட்டா தலைவர் கான்கரிங் பேர் ஈடாகக் குதிரை தர முன்வந்தார். ஏற்கப்படவில்லை. லெப்டினன்ட் கிராட்டன் 29 வீரர்களோடும் பீரங்கிகளோடும் போனார். கான்கரிங் பேர் சுடப்பட்டு, பிறகு இறந்தார். கிராட்டனும் அவருடைய ஆட்களும் அழிந்தார்கள். அடுத்த வருடம் ப்ளூ வாட்டர் ஓடைக்கரையில் ராணுவம் பழிவாங்கியது. 86 லகோட்டா மக்கள் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு.

ஒரு பசு. அது பயணிகளின் கணக்கில் நடந்துவருகிற இருப்பு. லகோட்டா கணக்கில், தங்கள் புல்லைத் தின்று வளர்ந்த உணவு.

கேள்வி கேட்ட நேயருக்கு என் பதில் இதுதான். கனமானதைத் தாழ்வாக, இரண்டு அச்சுக்கும் நடுவில் வையுங்க. தினமும் எடுக்கிறது பின்கதவுப் பக்கம். டப்பாவை எண்ணாதீங்க, நாளை எண்ணுங்க; பத்து நாள் பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் சரக்கு. ஃப்ரிட்ஜ் எந்த வகைன்னு பார்த்து நிறுத்துங்க. அப்புறம் ஒரு பட்டியல் தனியா எழுதுங்க: வண்டியில் ஏற்றாதது. எந்த ஊர்க் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போறீங்க, யார் கடையில் காய் வாங்கப் போறீங்க, யார் இடத்தில் குப்பையை விடப் போறீங்க. தண்ணீர் பிடிக்கிற ஊரில் கோடையில் தண்ணீர் இருக்கான்னு முதலில் கேளுங்க. காயை நகரத்திலேயே மொத்தமா வாங்கி நிரப்பாம, போகிற ஊரில் வாங்குங்க. அந்தப் பட்டியலில் இருக்கிறதும் உங்க சரக்கறைதான். அதுக்குச் சொந்தக்காரங்க வேற ஆட்கள்.